உஷார்! பத்திரம் பதிந்தாச்சு... 26கியூபி படிவம் சரியா?

பத்திரப்பதிவு முடிந்தது, சாவி கைக்கு வந்தது, பால் காய்ச்சிக் குடிபோயாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் தாம்பரம் வட்டார மக்களே, உஷார்! உங்கள் வீட்டின் விலை 50 லட்ச ரூபாயைத் தொட்டிருந்தால், இணையத்தில் நீங்கள் நிரப்பிய ஒரு படிவத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பான் எண் தவறியிருந்தாலோ, ஒரு தேதி பிசகியிருந்தாலோ, ஓராண்டு கழித்து ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் கேட்டு நோட்டீஸ் வரும். வரும்போது விற்றவர் வீட்டைக் காலி செய்து எங்கோ போயிருப்பார். படிவத்தை நிரப்பிக் கொடுத்த கடைக்காரருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது.

அந்தப் படிவத்தின் பெயர் 26கியூபி. வீடோ மனையோ வாங்குபவர், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து, விற்பவரின் பான் கணக்கில் வருமான வரியாகக் கட்டவேண்டும். அதற்கான சலானும் கணக்கு அறிக்கையும் சேர்ந்ததே இந்தப் படிவம். 2013-ம் ஆண்டு ப.சிதம்பரம் தாக்கல் செய்த பட்ஜெட்டில் வந்த ஏற்பாடு இது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பத்தாண்டுக்கு முன்பு இது நம் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களைப் பெரிதாகத் தொடவில்லை. இப்போது நிலைமை வேறு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. பெருங்களத்தூர், வண்டலூர், சேலையூர், மேடவாக்கம் என்று பல இடங்களில் இரண்டு படுக்கையறை வீடே 50 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. வரம்பு மட்டும் 2013-ல் இருந்த அதே 50 லட்சம். மாதச் சம்பளக்காரரும், ஓய்வூதியப் பணத்தைப் போட்டு வீடு வாங்கிய பெரியவரும் இன்று வரி பிடித்துக் கட்டவேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பதிவு நாளின் அவசரத்தில், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் யாரிடமோ சொல்லி நிரப்பிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வரித்துறைக்கு எப்படித் தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். 30 லட்சமும் அதற்கு மேலுமான சொத்துப் பரிமாற்றங்களைச் சார்பதிவாளர் அலுவலகமே வருமான வரித்துறைக்கு அறிக்கையாக அனுப்புகிறது. அந்த அறிக்கையையும் உங்கள் படிவத்தையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் நோட்டீஸ் தானாகவே புறப்படும்.

தாமதம் என்ன விலை கேட்கும்?

பணம் கொடுத்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வரியைக் கட்டிப் படிவத்தையும் தாக்கல் செய்யவேண்டும். ஜூன் மாதம் கொடுத்த பணத்துக்கு ஜூலை 30 கடைசி நாள். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். வரித்தொகைக்கு மேல் அது போகாது என்பது மட்டுமே ஆறுதல். 65 லட்சம் வீட்டுக்கு வரி 65,000 ரூபாய் என்றால், 325 நாளில் தாமதக் கட்டணமும் 65,000 ஆகிவிடும்.

வட்டி தனி. வரியைப் பிடிக்கவே மறந்திருந்தால் மாதத்துக்கு 1 சதவீதம், பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். இவை போதாதென்று, அறிக்கை தராவிட்டாலோ தவறான தகவல் தந்தாலோ 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இனி, நம் வட்டாரத்தில் எங்கெங்கே தவறு நடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விற்பவரின் பான் எண் தவறு

பெரும்பாதிப்பு இங்கேதான். ஓர் எழுத்து மாறினால் நீங்கள் கட்டிய வரி முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கில் போய் உட்காரும். விற்றவர் தன் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்துவிட்டு, "வரி என்று சொல்லிப் பிடித்தீர்களே, என் கணக்கில் எதுவும் ஏறவில்லையே" என்று கேட்பார்.

சென்னைக்கே உரிய இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், கட்டுமானம் செய்பவர் இன்னொருவர், பவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர் அந்த பில்டரே. பத்திரத்தில் கையெழுத்து அவருடையது என்பதால் அவர் பான் எண்ணையே படிவத்தில் போட்டுவிடுகிறார்கள். பவர் ஏஜென்ட் விற்பவர் ஆகமாட்டார். சொத்தை மாற்றித் தருபவர் யார், எந்தப் பங்குக்கு உங்கள் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்து ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே படிவத்தில் கை வையுங்கள்.

2. ஆதார் இணைக்காத பான்

பான் எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் விற்பவர் அதை ஆதாருடன் இணைக்காமல் விட்டிருந்தால்? 2023 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட பான் செயலிழந்தது. செயலிழந்த பான் உள்ளவருக்குப் பணம் கொடுத்தால் 1 சதவீதம் போதாது, 20 சதவீதம் பிடித்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். 65 லட்சத்துக்கு அது 13 லட்சம். நீங்கள் 65,000 கட்டியிருந்தால் மீதி 12,35,000 ரூபாயை உங்களிடம் கேட்பார்கள். தவறு விற்றவருடையது, பில் உங்களுக்கு!

இப்படி நோட்டீஸ் வாங்கித் தவித்தவர்கள் நாடு முழுவதும் பலர். அதனால் மத்திய நேரடி வரிகள் வாரியம் இரண்டு முறை இறங்கி வந்தது. 2024 ஏப்ரல் 23 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், 2024 மார்ச் 31 வரையிலான பரிமாற்றங்களுக்கு, விற்றவரின் பான் 2024 மே 31-க்குள் உயிர்பெற்றிருந்தால் கூடுதல் வரி இல்லை என்றது. 2025 ஜூலை 21-ல் வந்த சுற்றறிக்கை, 2024 ஏப்ரல் 1 முதல் 2025 ஜூலை 31 வரை கொடுத்த பணத்துக்கு 2025 செப்டம்பர் 30 வரை அவகாசம் தந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் கொடுத்த பணம் என்றால், கொடுத்த மாத முடிவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பான் செயல்பாட்டுக்கு வந்திருக்கவேண்டும். உங்களுக்கு இப்படி நோட்டீஸ் வந்திருந்தால், முதலில் இந்தத் தேதிகளோடு உங்கள் பரிமாற்றத்தை ஒப்பிடுங்கள். சலுகைக்குள் வருகிறவர்கள் பயந்து பணத்தைக் கட்டிவிடவேண்டாம்.

இனி வாங்கப்போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வருமான வரித் தளத்தில் விற்பவரின் பான் - ஆதார் இணைப்பு நிலையைப் பாருங்கள். உள்நுழையாமலே பார்க்கலாம். விற்பவரின் பான், ஆதார் எண்கள் கையில் இருந்தால் போதும்.

3. பங்குதாரர்களை மறப்பது

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குகிறீர்கள், விற்பவர்களும் அண்ணன் தம்பி இருவர் என்றால் ஒரு படிவம் போதாது. வாங்குபவர் ஒவ்வொருவரும் விற்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரவேண்டும். மொத்தம் நான்கு படிவங்கள். முழுத்தொகையையும் கணவர் பெயரில் ஒரே படிவத்தில் காட்டிவிட்டு, மனைவிக்கு நோட்டீஸ் வந்ததும் திகைப்பவர்கள் உண்டு.

"என் பங்கு 35 லட்சம்தானே, வரம்புக்குள் வராதே" என்ற வாதமும் இப்போது எடுபடாது. எல்லாப் பங்குதாரர்களின் தொகையையும் கூட்டித்தான் 50 லட்சத்தைப் பார்க்கவேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

4. தொகையைக் குறைத்துப் போடுவது

தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகப் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு நிலத்தின் பிரிபடாத பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று பிரித்துப் பதிந்தார்கள். 2023 டிசம்பர் 1 முதல் இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பு முறை வந்துவிட்டது. அதற்கு முன் வாங்கியவர்களில் சிலர் பத்திரத்தில் 20 லட்சம், ஒப்பந்தத்தில் 40 லட்சம் என்று இருந்ததால், இரண்டுமே 50-க்குக் கீழே என்று வரியைப் பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கொடுத்தது ஒரே வீட்டுக்கு. மொத்தம் 60 லட்சம். பழைய கோப்பை எடுத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

2019 செப்டம்பர் முதல் கார் பார்க்கிங், கிளப் உறுப்பினர் கட்டணம், மின் - குடிநீர் இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் வீட்டின் விலையோடு சேர்ந்துவிட்டன. 2022 ஏப்ரல் முதல் இன்னொரு கண்ணி. பேசிய விலை 48 லட்சமாக இருந்தாலும், முத்திரைத்தீர்வைக்கான மதிப்பு 51 லட்சம் என்றால் 51 லட்சத்துக்கும் 1 சதவீதம் கட்டவேண்டும். இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு.

5. தேதிகளும் தவணைகளும்

படிவத்தில் ஒப்பந்தத் தேதி, பணம் கொடுத்த தேதி, வரி பிடித்த தேதி என்று தனித்தனியாகக் கேட்கும். பணம் கொடுத்த தேதி கேட்கும் இடத்தில் ஒப்பந்தத் தேதியைப் போட்டுவிட்டால், கணினி அந்த நாளிலிருந்தே தாமதத்தைக் கணக்கிடும். ஒப்பந்தம் எட்டு மாதத்துக்கு முந்தையது என்றால், நேற்று கொடுத்த பணத்துக்கு எட்டு மாதத் தாமதக் கட்டணம் விழும்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தவணையாகக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் வரி பிடித்துத் தனிப் படிவம் தரவேண்டும். வங்கிக் கடனாக இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. வங்கி முழுக் காசோலையையும் பில்டருக்குக் கொடுத்துவிட்டது என்ற பதில் செல்லாது. பணம் விடுவிக்கும் முன்பே 1 சதவீதத்தைப் பற்றி வங்கியிடம் பேசிவிடுங்கள்.

முகவரியிலும் கவனம் வேண்டும். நீங்கள் குடியிருக்கும் குரோம்பேட்டை வாடகை வீட்டின் முகவரி ஒரு கட்டத்துக்கு, வாங்கும் கூடுவாஞ்சேரி வீட்டின் முகவரி இன்னொரு கட்டத்துக்கு. மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059 என்று பின்கோடு வேறு மாறும். மாற்றிப் போட்டால் பதிவுத்துறைத் தகவலோடு பொருந்தாமல் கேள்வி வரும்.

6. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால்... உஷார், உஷார்!

வீட்டின் சொந்தக்காரர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். இங்கிருக்கும் அப்பா பவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். நம் புறநகரில் சகஜமான காட்சி. விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 26கியூபி உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. 50 லட்ச வரம்பும் கிடையாது. 1 சதவீதமும் கிடையாது. நீண்டகால ஆதாயம் என்றால் 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ், தேவைப்பட்டால் சர்சார்ஜ். வரித்துறையிடமிருந்து குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்காத நிலையில், நடைமுறையில் முழு விற்பனைத் தொகைக்கும் பிடிக்கவேண்டும். 70 லட்சத்துக்கு 70,000 கட்டிவிட்டு வந்தவரிடம், செஸ், சர்சார்ஜ் நீங்கலாகவே 8,75,000 கட்டியிருக்கவேண்டும் என்று கேட்பார்கள்.

இதற்கான அறிக்கை 27கியூ. வாங்குபவர், வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுத்துத் தாக்கல் செய்யவேண்டும் என்பது நடைமுறை. 2026 பட்ஜெட்டில் இந்த டான் எண் தேவையைத் தளர்த்தும் அறிவிப்பு வந்தது. ஆனால் பிடிக்கவேண்டிய வரி அதனால் குறையாது. 26கியூபியைத் திருத்தி 27கியூ ஆக்கவும் முடியாது. ஆகவே அட்வான்ஸுக்கு முன்பே கேளுங்கள்: "சார், நீங்கள் இங்கே இருக்கிறீர்களா, வெளிநாட்டிலா?" பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தவறு நடந்துவிட்டதா? திருத்தும் வழி இதோ

பதறவேண்டாம். 26கியூபியைத் திருத்த அரசே வழி வைத்திருக்கிறது. படிவத்தைத் தாக்கல் செய்வது வருமான வரித் தளத்தில், திருத்துவது வரித்துறையின் டிரேசஸ் (TRACES) தளத்தில். பலர் முதல் தளத்திலேயே தேடிச் சலித்துவிடுகிறார்கள்.

டிரேசஸில் உங்கள் பான் எண்ணை வைத்து வரி செலுத்துபவராகப் பதிவு செய்யுங்கள். படிவத்தின் ஒப்புகை எண் கையில் இருக்கட்டும். அறிக்கை பரிசீலனை முடிந்த நிலையில் இருந்தால், 26கியூபி திருத்தக் கோரிக்கையைத் தேர்ந்தெடுத்துப் பான், தொகை, தேதி, சொத்து விவரம் ஆகியவற்றை மாற்றலாம். பிறகு டிஜிட்டல் கையெழுத்து, நெட் பேங்கிங், ஆதார் ஓடிபி ஆகியவற்றில் ஒன்றால் உறுதி செய்யவேண்டும்.

பான் எண் போன்ற முக்கியமான மாற்றங்களுக்கு எதிர்த்தரப்பின் சம்மதமும் வருமான வரி அதிகாரியின் ஒப்புதலும் தேவைப்படும். விற்றவரோடு தொடர்பு அறுந்துபோகும் முன்பே திருத்திவிடவேண்டும் என்பது இதனால்தான். அதிகாரியைப் பார்க்கப் போகும்போது கிரயப் பத்திர நகல், பணம் கொடுத்த வங்கிச் சான்று, சலான், இரு தரப்பின் பான் நகல் எல்லாம் கையில் இருக்கவேண்டும். குடியிருப்பது தாம்பரம் என்பதற்காகத் தாம்பரத்து அதிகாரியைத் தேடிப் போகாதீர்கள். திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருந்தபோது பான் எடுத்தவர்களின் கோப்பு இன்னும் அங்கேயே இருக்கலாம். உங்கள் அதிகாரி யார் என்று வருமான வரித் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தாமதக் கட்டணமும் வட்டியும் நியாயமாகவே விழுந்திருந்தால், வருமான வரித் தளத்தில் வரி செலுத்தும் பகுதியில் சொத்து டிடிஎஸ் (பிடித்துக் கட்டும் வரி) நிலுவைக்கென்று உள்ள தனிப் பிரிவில் கட்டுங்கள். வேறு தலைப்பில் கட்டினால் நிலுவை அப்படியே நிற்கும். ஒரே வரியை இரண்டு முறை கட்டியிருந்தால் திரும்பக் கேட்டு டிரேசஸில் விண்ணப்பிக்கலாம். நோட்டீஸே தவறு என்று நீங்கள் உறுதியாக நம்பினால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். அந்த 30 நாளை யோசனையிலேயே கழித்துவிடாதீர்கள்.

படிவமே தராமல் விட்டவர்கள் நோட்டீஸுக்காகக் காத்திருக்காமல் இன்றே தாக்கல் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் 200 ரூபாய் ஏறுகிறது.

கடைக்காரரின் ஈமெயிலில் போகும் உங்கள் நோட்டீஸ்

பிரவுசிங் சென்டரிலோ பத்திரம் எழுதுபவரிடமோ படிவம் நிரப்பினால், கைபேசி எண்ணும் ஈமெயிலும் உங்களுடையதா என்று திரையில் நீங்களே படித்துப் பாருங்கள். அவசரத்தில் அவர்கள் தங்களுடையதைப் போட்டிருந்தால் வரித்துறை அனுப்பும் முதல் எச்சரிக்கை உங்களுக்கு வந்துசேராது. கடவுச்சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஓடிபியைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

"26கியூபி அபராதம், உடனே இந்த லிங்க்கில் கட்டு" என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். 2019 அக்டோபர் முதல் வருமான வரித்துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வருமான வரித் தளத்தில் போட்டால் கடிதம் உண்மையா என்று தெரிந்துவிடும்.

வாடகைக்கு இருப்பவர்களும் கவனிக்க

மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுப்பவர்களுக்கும் இதே போன்ற படிவம் உண்டு. பெயர் 26கியூசி. பிடிக்கவேண்டியது 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம், அதற்கு முன் 5 சதவீதம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பெரிய வீட்டில் குடியிருந்து, வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்பவர்கள் இதை மறந்தால் நோட்டீஸ் வரலாம்.

ஏன் இப்போதே?

திருத்தும் வாசல் குறுகிக்கொண்டே போகிறது. நிறுவனங்கள் தரும் காலாண்டு டிடிஎஸ் அறிக்கைகளைத் திருத்த முன்பு காலவரம்பே கிடையாது. 2024 நிதிச் சட்டம் 6 ஆண்டு என்று வரையறுத்தது. 2026 ஏப்ரல் 1-லிருந்து நடைமுறைக்கு வரும் வருமான வரிச் சட்டம் 2025 அதை 2 ஆண்டாகச் சுருக்கிவிட்டது. கிண்டியிலும் பெருங்குடியிலும் சிறு நிறுவனம் நடத்துபவர்கள், சம்பளத்துக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் பிடித்த வரி யார் யார் பான் எண்ணில் ஏறியிருக்கிறது என்று இப்போதே சரிபார்க்கவேண்டும். புதிய சட்டத்தில் பிரிவு எண்களும் மாறுகின்றன. நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் 'வரி ஆண்டு' என்ற ஒரே கணக்கு வருகிறது. படிவத்தின் பெயர் எதுவாக மாறினாலும், பான், தொகை, தேதி ஆகிய மூன்றும் சரியாக இருக்கவேண்டும் என்பது மாறாது.

ஆகவே இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, சொத்துக்குக் கட்டிய வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டிரேசஸிலிருந்து, வரி பிடித்ததற்கான 16பி சான்றிதழை இறக்கி, பத்திரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, விற்றவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் கணக்கிலும் வரி ஏறியிருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மூன்றும் பொருந்தினால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும் இன்றே திருத்தக் கோரிக்கை போடுங்கள். வீடு வாங்கிய அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் சொல்லுங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கிய எவரும் ஒரு தவறான எண்ணுக்காக மறுபடியும் கடன் வாங்கும் நிலைக்குப் போகக்கூடாது.